வீட்டில் விழுந்த காயம்

சென்ற வாரம் எமது அலுவலகத்துக்கு ஓர் அன்பர் வந்திருந்தார். வன்னியில் பதினான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். இங்கே ஸ்காபுரோவில், கார்களுக்கான உலோகப் பாகங்களை அழுத்தி வெட்டும் தொழிற்சாலையொன்றில், ஏஜென்சி மூலம் இரவு ஷிப்ட் வேலை செய்தவர். வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. "காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், சேர். அது இருந்தால் எண்ணிக்கை வராது" என்றார். வைத்தியசாலையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். வீட்டில் கதவிடுக்கில் நசிந்துவிட்டதாகச் சொன்னாராம். அப்படிச் சொல்லும்படி அறிவுறுத்தியவர் லைன் லீடர். ரக்சிக்குக் காசு கொடுத்தவர் காயப்பட்டவர்.

நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கவில்லையா என்று வினவியபோது அவர் தந்த விடைதான் எம்மை இந்தத் தலையங்கத்தை எழுதவைத்தது. "வேலை தந்தவனிடமே திரும்பக் காசு கேட்பதா? அது நன்றிகெட்ட செயல் அல்லவா?"

எம்மவரிடையே இந்த எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. நட்டஈட்டை வெல்பெயர்ப் பணத்தோடு சேர்த்து எண்ணி, அதனை வாங்குவது மானக்குறைவு என்று கருதுவோர் பலர். ஆகவே அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் ஒன்ராறியோவில் காயப்பட்ட தொழிலாளி முதலாளிமீது வழக்குத் தொடரலாம். ஆனால் முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலானோரால் அது இயலவில்லை. இதனை ஆராய 1910இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் வில்லியம் மெரடித், 1913இல் தமது இறுதி அறிக்கையைச் சமர்ப்பித்தார். அதன்படி 1914இல் சட்டம் வந்தது. அது ஒரு கொடுக்கல் வாங்கல். தொழிலாளி தன் முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிட வேண்டும். பதிலுக்கு, யார் பிழை என்ற கேள்வியின்றி, முதலாளிமார் கட்டும் பொது நிதியிலிருந்து அவனுக்கு ஈடு வழங்கப்படும். இன்று வேலைத்தலப் பாதுகாப்பு காப்புறுதிச் சபை என்ற பெயரில் இயங்குவது அந்த ஏற்பாடே.

எனவே, அந்தச் சபையின் காப்புறுதிக்குட்பட்ட தொழிற்சாலை ஒன்றினுள் கால்வைத்த கணத்திலேயே எமது வழக்குரிமை போய்விட்டது. அதன் விலையாக வைக்கப்பட்ட ஈட்டையும் வாங்காமல் வருபவர், இரண்டையும் இழந்து வருகிறார். இதில் நன்றிக்கு எங்கே இடம்?

நன்றி எதிர்பார்ப்பவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. விபத்துகள் கூடினால் நிறுவனம் கட்டும் கட்டணமும் கூடும். "வீட்டில் விழுந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தின் பெறுமதி அதுதான். விண்ணப்பிப்பதைத் தடுக்கவோ, விண்ணப்பத்தை மீளப்பெற வற்புறுத்தவோ முனைவது குற்றம் என 2015இல் ஒன்ராறியோ சட்டமன்றம் திருத்தமே நிறைவேற்றியது. அப்படியொரு திருத்தம் தேவைப்பட்டதென்றால், வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். காயப்பட்டவரை வைத்தியசாலைக்கு அனுப்பும் செலவும், அன்றைய நாளின் முழுச் சம்பளமும் தொழில் வழங்குநரின் பொறுப்பு. ஏஜென்சி ஆட்களும் இந்தச் சட்டத்துக்குள் அடங்குவர்.

காயத்துக்கு முந்திய உரிமை இன்னொன்று. எலியட் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் நோயால் மடிவது கண்டு 1974இல் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாக அமைந்த ஜேம்ஸ் ஹாம் ஆணைக்குழு 1976இல் அறிக்கை தந்தது. 1979இல் நடைமுறைக்கு வந்த தொழில் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை இடம்பெற்றது. காப்பில்லாத பிரஸ் இயந்திரத்தின் முன் நிற்பவர், "இது பாதுகாப்பில்லை, செய்யமாட்டேன்" என மேற்பார்வையாளரிடம் கூற வேண்டும். அவர் தொழிலாளர் பிரதிநிதியின் முன்னிலையில் அதனை ஆராய்ந்தாக வேண்டும். தீராவிடில் தொழில் அமைச்சின் பரிசோதகர் அழைக்கப்படுவார். இதற்காக வேலையிலிருந்து நீக்குவதோ தண்டிப்பதோ சட்டவிரோதம்.

ஏட்டில் இவ்வாறு இருக்கிறது. மறுநாள் ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வராவிட்டால், அது தண்டனையா, வேலை இல்லாமையா என்று எவர் நிரூபிப்பது? இந்த அச்சம் பொய்யானதென்று நாம் எழுதமாட்டோம். இரண்டு வாடகை தவறினால் என்னாகும் என்பதை நாமும் அறிவோம். ஆனால் ஒருவராக மறுப்பது வேறு. ஒரே லைனில் நிற்கும் எட்டுத் தமிழர் சேர்ந்து மறுப்பது வேறு. சட்டத்தையும் அதன் விளக்கத்தையும் ஆங்கிலத்திலும் வேலைத்தலத்தின் பெரும்பான்மை மொழியிலும் தொழிலாளர் காணக்கூடியவாறு வைக்க வேண்டுமென அதே சட்டம் கூறுகிறது. தமிழர் பெரும்பான்மையாக உள்ள இடங்களில் அந்தத் தாள் தமிழில் தொங்குகிறதா? இதைக் கேட்பதற்கு யாரும் வேலையை இழக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத காயங்களும் உண்டு. கார்களுக்கான பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் அதிகமாக இருந்ததாக, வின்சரை அண்டிய தென்மேற்கு ஒன்ராறியோவில் ஜேம்ஸ் புரோபியும் மார்கிரெட் கீத்தும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. புகை மணக்கும் இடத்தில் வேலை செய்யும் சகோதரிகள், தாம் எந்த இரசாயனத்தோடு வேலை செய்கிறோம் என்பதைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, அவரது குறிப்பில் பதியச் செய்வது நன்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தொழிற்சாலை இருக்குமோ என்னவோ, குறிப்பு இருக்கும்.

நம் கணித ஆசிரியரின் விடயம் இன்னும் முடியவில்லை. விபத்து நிகழ்ந்து ஆறு மாதத்துக்குள் தொழிலாளி விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. வைத்தியசாலைப் பதிவில் "வீடு" என்றிருப்பதால் வழி கடினமாகும். அன்றிரவு அருகில் நின்ற இருவர் உண்மையை எழுதித் தர வேண்டும். அவர்களும் தமிழரே. இவ்விதழை வாசிப்பவர்கள் என்றும் அறிகிறோம்.