கோல்காப்பாளர் வெறும் இலக்கு அல்ல

உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் ஹாக்கி கோல்காப்பாளராக இருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் எனக்கென்று யாரும் பயிற்சி அளித்ததாக நினைவில்லை. காலில் காப்புகளைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன் நிற்பேன். மற்றவர்கள் வரிசையாக வந்து பந்தை அடிப்பார்கள். அவ்வளவுதான்.

உயர்நிலை நான்கில், எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வரவிருந்த இளைய மாணவி ஒருவரைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் அதையே செய்தேன். அவளை வலைக்கு முன் நிறுத்தி, “பயப்படாதே, அப்படியே நில்” என்றேன். மூன்றே மாதங்களில் அவள் வேறோர் இணைப்பாட நடவடிக்கைக்கு மாறிவிட்டாள். “அவளுக்கு மனவலிமை போதாது” என்று தோழிகளிடம் சொன்னேன்.

நான் சொன்னது எவ்வளவு தவறு என்பது கடந்த ஆண்டுதான் புரிந்தது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒரு பருவம் படித்தேன். என் அறைத்தோழி, 11, 12 வயதுச் சிறுவர்களின் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றில் தொண்டூழியத் துணைப் பயிற்றுவிப்பாளர். நானும் கோல்காப்பாளராக இருந்தவள் என்று தெரிந்ததும் என்னை அழைத்துச் சென்றார்.

ஐஸ் ஹாக்கியின் வலை ஆறடி அகலம், நான்கடி உயரம் மட்டுமே. ஆனால் அதை நோக்கி வருவது பந்து அல்ல, சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. எனக்குப் பனியில் சறுக்கத் தெரியாது. அதனால் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றேன். தோழி எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்: “ஒவ்வொரு முறை வட்டு வரும்போதும் கோல்காப்பாளர் எழுந்து தயாராக நிற்கிறானா என்று எண்ணிக்கொண்டிரு.”

எண்ணினேன். 20 முறை வட்டு வந்ததில் ஒன்பது முறை அந்தச் சிறுவன் இன்னும் முழங்காலில்தான் இருந்தான். முந்தைய வட்டைத் தடுத்துவிட்டு எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பயிற்சியில் அவன் கற்பது என்ன? எழ நேரம் இல்லாததால் முன்கூட்டியே விழுந்துவிடுவதையும், வட்டைக் கண்ணால் தொடராமல் கையை வீசுவதையும்தான். பயிற்சியே அவனுக்குத் தவறான பழக்கங்களைக் கற்றுத் தருகிறது.

அடுத்த வாரம் தோழி தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் பேசி மூன்று சிறு மாற்றங்களைச் செய்தார். முதலாவது, கோல்காப்பாளர் எழுந்து நின்ற பிறகே அடுத்தவர் வட்டுடன் புறப்பட வேண்டும். இரண்டாவது, ஓரமாகச் சும்மா நிற்கும் இரண்டாவது கோல்காப்பாளருக்கு மூலையில் பத்து நிமிடம் தனிப்பயிற்சி: வட்டே இல்லாமல், வலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து சரியாக நிற்பது. மூன்றாவது, கோல் விழுந்தால் “ஏன் விட்டாய்?” என்று கேட்கக்கூடாது. “வட்டு உன் கண்ணில் பட்டதா?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குச் சிறுவன் தலைகுனிவான். இரண்டாவது கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வான்.

“பனித்தளம் கிடைப்பதே வாரத்துக்குச் சில மணி நேரம். இரண்டு பேருக்காகப் பதினைந்து பேரைக் காக்க வைக்கலாமா?” என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காத்திருப்பது இரண்டு மூன்று விநாடி மட்டுமே. தவிர, முழங்காலில் இருப்பவனைத் தாண்டிக் கோல் போட்டுப் பழகியவர்கள், உண்மையான ஆட்டத்தில் தயாராக நிற்கும் கோல்காப்பாளரைப் பார்த்ததும் திணறுவார்கள். அந்த விநாடிகள் அவர்களுக்கும் பயிற்சிதான்.

இதே மாண்ட்ரியல் அணிக்காக ஆடிய ஜாக் பிளாண்ட், 1959 நவம்பர் 1ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் முகத்தில் அடிபட்டார். தையல் போட்டுக்கொண்டு, முகக்கவசம் அணிந்தே களத்துக்குத் திரும்பினார். அதற்கு முன்பே அவர் பயிற்சிகளில் கவசம் அணிந்து வந்தார். ஆட்டத்தில் அணிவதைத்தான் அவரது பயிற்றுவிப்பாளர் விரும்பவில்லை. இன்று கவசம் இல்லாத ஐஸ் ஹாக்கி கோல்காப்பாளரை நினைத்துப் பார்க்க முடியாது. வலைக்கு முன் நிற்பவருக்கு என்ன தேவை என்பது அங்கே நிற்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது. அவரிடம் கேட்டால் போதும்.

அந்த மாற்றங்களால் அணி வெற்றிமேல் வெற்றி குவிக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் தோற்றது. ஆனால் அன்றைய பயிற்சி முடிந்து காப்புகளைக் கழற்றும்போது அந்தச் சிறுவன் என் தோழியிடம், “இன்று எனக்கும் பயிற்சி நடந்தது” என்றான். அதைக் கேட்டதும் எனக்குப் பள்ளியை விட்டு விலகாமல் குழுவை மட்டும் விட்டு விலகிய அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு மனவலிமை போதாமல் இல்லை. நான்தான் எதையும் கற்றுத் தரவில்லை.

உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் கடைசியில் தனியாக நின்றுகொண்டிருக்கலாம். நீங்கள் மூத்த மாணவர் என்றால், அடுத்த பயிற்சியில் பந்தை அடிக்கும் முன் அவர் தயாரா என்று ஒருமுறை பாருங்கள்.