உயரச் சாடியில் மூன்று கிளைகள்



நம் வீடுகளில் பூச்சாடி என்றால் ஒரு பிடி பூவை நெருக்கிச் செருகி வைப்பதுதான் வழக்கம். பிளாஸ்டிக் ரோஜாவை வாங்கி வைத்து வருடக்கணக்கில் தூசி தட்டுகிறவர்களும் உண்டு. (நான் யாரையும் சொல்லவில்லை!) இந்த முறை வேறொரு வழியைப் பார்ப்போம். உயரமான ஒரு சாடி, மூன்று கிளைகள், இரண்டு மூன்று பூக்கள். அவ்வளவுதான் செலவு. ஜப்பானியர் இதற்கு 'நாகெயிரே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சும்மா எறிந்து போட்டது என்று பொருள். பார்ப்பதற்குத்தான் அப்படி, உள்ளே கணக்கு இருக்கிறது.

ஜப்பான் என்றதும் சில வீடுகளில் பெரியவர்களின் முகம் மாறும். மாறுவதில் நியாயம் உண்டு. 1942, 43-ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்களின் படம் இன்னும் பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது. உங்கள் வீடும் அப்படிப்பட்டதென்றால், பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் இந்தக் கலை அந்தப் பட்டாளத்துக்குச் சொந்தமானதன்று என்பதையும் சொல்லுங்கள். புத்தர் சந்நிதியில் பூ வைத்ததிலிருந்து வளர்ந்தது இது. கியோத்தோ நகரத்தில் இக்கெனோபோ சென்கெய் என்ற துறவி வைத்த பூவைக் காண ஊரே போட்டி போட்டு வந்ததாக 1462-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று சொல்கிறது. சாமிக்குப் பூ வைப்பது நமக்கு மட்டும் புதிதா என்ன? நம் ஈப்போவும் 1989-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவோடு சகோதர நகரமாகிவிட்டது.

முதலில் சாடி. கடையில் வாங்க வேண்டாம். தேநீர்க் கலையில் பேர்பெற்ற சென் னோ ரிக்யூ என்பவர், 1590-இல் ஒடவாரா கோட்டை முற்றுகையின்போது மூங்கிலை வெட்டியே சாடி செய்தார். அவற்றில் ஒன்று கீறல் விட்டது. அதையும் எறியாமல் போற்றிக் காத்து, இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மூங்கில் நமக்கும் கிடைக்கும். கணுவுக்குக் கீழே வெட்டினால் கணுவே அடியை அடைத்துக்கொள்ளும். பச்சை மூங்கில் காயும்போது வெடிக்கும். ஆகவே உள்ளே ஒரு கண்ணாடிப் போத்தலை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். புந்தோங்கில் கச்சான் பூத்தே வியாபாரம் செய்யும் வீடுகளில் உயரமான காலி ஜாடிகளுக்குப் பஞ்சமிருக்காது, அதுவும் போதும். கண்ணாடி ஜாடியானால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் என்பதுதான் குறை.

இனிக் கணக்கு. சாடியின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள். பத்து அங்குலமும் மூன்று அங்குலமும் என்றால் பதின்மூன்று. அதில் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய இருபது அங்குலம், முதல் கிளைக்கு. அதில் முக்கால், அதாவது பதினைந்து, இரண்டாவதற்கு. அதிலும் முக்கால், பதினொன்று, மூன்றாவதற்கு. இது சாடியின் வாய்க்கு மேலே தெரிய வேண்டிய நீளம். உள்ளே போவதற்குத் தனியாக விட்டு வெட்டுங்கள். முதல் கிளை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இரண்டாவது பாதி சாயும். மூன்றாவது நன்றாகத் தாழ்ந்து, நம்மைப் பார்த்து வரும்.

எல்லோரும் தவிக்கும் இடம் அடுத்ததுதான். அகன்ற வாயில் கிளை ஒருபக்கமாகச் சரிந்து விழும். அதற்காகச் சாடி நிறையக் கிளைகளைத் திணித்துவிடாதீர்கள். விரல் பருமனில் இரண்டு குச்சிகளை வாயின் அகலத்தைவிட ஓர் எள்ளளவு நீளமாக வெட்டி, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே சிலுவை போல அழுத்தி இறுக்குங்கள். வாய் நான்கு அறைகளாகப் பிரியும். எல்லாக் கிளைகளும் அவற்றில் ஓர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும்; மற்ற மூன்றும் வெறுமையாக இருக்கட்டும். கிளையின் அடியைச் சாய்வாக வெட்டினால் அந்த வெட்டு முகம் சாடியின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். விளிம்பு, குச்சி, சுவர் என மூன்று இடத்தில் பிடிப்பு வந்துவிட்டால் கிளை அசையாது. பால்மரத்தில் சாய்வுக் கோடு போட்டுப் பழகிய கைகளுக்கு இந்த வெட்டைச் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டணத்துப் பெண்கள்தான் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள்!

வெட்டும்போது அடியைத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து வெட்டுங்கள். தண்டுக்குள் காற்று ஏறாது. பூ கூடுதல் நாள் நிற்கும். பால் வடியும் கிளையானால் வெட்டிய முனையை மெழுகுவர்த்தி நெருப்பில் சுட்டு வையுங்கள், பால் நின்றுவிடும். அரளியை மட்டும் குழந்தைகள் உள்ள வீட்டில் தொடவேண்டாம். அது நஞ்சு.

எதை வைப்பது? முதல் கிளைக்குக் காய்ந்து வளைந்த பால்மரக் குச்சி மிக அழகு. இலையே வேண்டியதில்லை. செம்பனையின் அடிமரத்தில் தொற்றி வளரும் பெரணி இரண்டாவதற்கு. லாலாங் பூத்திருந்தால் அதையும் எடுக்கலாம். களை என்று வெறுக்கிறோமே, மாலை வெளிச்சத்தில் அதன் வெள்ளைப் பூவைப் பாருங்கள். மூன்றாவது இடத்தில் கேமரன் மலைச் சாமந்தி இரண்டு. வாரம் தாங்கும். செம்பருத்தி நம் நாட்டு மலர்தான், ஆனால் ஒரே நாளில் சுருண்டுவிடும். விருந்தாளி வரும் நாளைக்கு மட்டும் அது.

ஒரு எச்சரிக்கை. உயரச் சாடியில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு விருந்து. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் தண்டமும் உண்டு. டிங்கிக் காய்ச்சலோ தண்டத்தைவிடப் பெரிய செலவு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும். போத்தல் கழுவும் தூரிகையால் உள்ளே நன்றாகத் தேய்த்து, கிளைகளின் அடியை அரை அங்குலம் புதிதாக வெட்டிவிட்டு, மறுபடி வையுங்கள்.