அயடீன் மருந்து எடுத்து வருபவரைச் சுகம் விசாரிக்கப் போக முன்



நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் வருவது தைரொயிட் புற்றுநோய். கழுத்தில் ஒப்பரேஷன் முடிந்ததும் சிலருக்குக் கதிரியக்க அயடீன் கொடுப்பார்கள். அதற்கு இங்கிருந்து மஹரகம அபேக்ஷா போன்ற தூர வைத்தியசாலைக்குப் போக வேண்டி வரலாம். "கதிர் மருந்தாம்" என்றதும் வேண்டாம் என்று மறிக்கிற குடும்பங்களும் உண்டு; வந்த அன்றே வீடு நிறைய ஆட்களைக் கூட்டுகிற குடும்பங்களும் உண்டு. இரண்டும் சரியில்லை என்பதுதான் எங்கள் கருத்து.

மறிக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். தைரொயிட் நோய்க்கு இந்த மருந்து 1941 இலிருந்து கொடுக்கப்படுகிறது. உடம்பில் அயடீனை இழுத்துச் சேர்ப்பது முக்கியமாகத் தைரொயிட் கலங்கள்தான். ஒப்பரேஷனில் தப்பிய கலங்களைத் தேடிப் போய் ஓரிரு மில்லிமீட்டருக்குள் வேலையை முடிக்கும். கத்தியால் ஆகாத வேலை அது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதைக் கொடுக்க மாட்டார்கள். வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக்கு ஓரிரு வாரம் முன்பிருந்து கடல் மீனும் அயடீன் உப்பும் தவிர்க்கச் சொல்வார்கள். வாவிக்கரை ஆட்களுக்கு மீனில்லாத சோறு கஷ்டம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

மருந்தின் வீரியம் எட்டு நாளில் பாதியாகும். பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுநீரோடு போய்விடும். எச்சிலிலும் வியர்வையிலும் கொஞ்சம் வரும். ஆகவே வைத்தியர் சொன்ன நாள் வரை ஒரே சஹனில் சாப்பாடு வேண்டாம். தனிக் கோப்பை, தனிப் படுக்கை. உம்மும்மா பேரப்பிள்ளையை மடியில் வைக்காமல் இருக்கட்டும், கர்ப்பிணிகள் விலகியிருக்கட்டும். சுகத்தைப் போனில் விசாரிக்கலாம். அந்த நாள் முடிந்த பிறகும் ஒதுக்கி வைப்பது அநியாயம்.

எங்களுக்குப் பெரிய கவலை பஸ் பிரயாணம். ஏழெட்டு மணித்தியாலம் பக்கத்து ஆளோடு ஒட்டியே வர வேண்டும். கதிர்ப் பாதுகாப்பு என்பதே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற கணக்குத்தான். வார்ட்டிலிருந்து வெளியேற முன், "எங்கள் ஊர் மட்டக்களப்புப் பக்கம், பஸ்ஸில்தான் போவோம்" என்று சொல்லிக் கேளுங்கள். ஜனாஸாவுக்கு வாகனம் ஒழுங்கு செய்கிற நமது பள்ளிவாசல் நிர்வாகங்கள், உயிரோடு திரும்பி வருபவருக்கும் ஒன்று ஒழுங்கு செய்யலாமே!

உம்ராவுக்குப் போக இருப்பவர்கள் வைத்தியசாலைக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். மருந்தெடுத்துச் சில வாரங்களுக்குப் பிறகும் விமான நிலையக் கருவி சத்தம் போடக்கூடும்.

தருகிற அறிவுறுத்தல் கடதாசி சிங்களத்தில் இருந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்ல ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம், இஷாவுக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை.