பட்டியல் தர மறுத்த மலைக்கிராமம்

ஆஷ்விட்ஸ் கொலைமுகாமைச் செஞ்சேனை விடுவித்த நாள் 1945 ஜனவரி 27. நாஜிகளின் இனப்படுகொலைக்கு இரையானோரின் நினைவு நாளாக ஐ.நா. மன்றம் இதனை அனுசரிக்கிறது. காஸாவின் மீது பொழிந்த குண்டுகளை வழங்கியோரும் இந்நாளில் மனிதநேயம் பேசத் தவறுவதில்லை. யூதர்களைக் காத்த எளிய மக்கள் அன்று சட்டத்தை மீறிய குற்றவாளிகள் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

பிரான்சில் 1940 அக்டோபரிலேயே விஷி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டத்தைப் பிறப்பித்தது. 1942 ஜூலையில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களை வீடு வீடாகச் சென்று பிடித்தது பிரெஞ்சுக் காவல்துறை. கையில் இருந்தது முறைப்படி தயாரிக்கப்பட்ட பெயர்ப்பட்டியல்.

அடுத்த மாதம், லெ ஷாம்போன்-சூர்-லின்யோன் என்ற மலைக்கிராமத்துக்கு வந்த விஷி அமைச்சரிடம் மாணவர்கள் ஒரு கடிதம் தந்தனர். எங்களிடையே யூதர்கள் உள்ளனர், அவர்களைப் பிடிக்க வந்தால் மறைத்துவைப்போம் என்பது அதன் சாரம். சில நாள்களில் காவல்துறை வந்து பட்டியல் கேட்டது. போதகர் ஆந்த்ரே ட்ரோக்மே தர மறுத்தார். தேடல் ஏறத்தாழ வெறுங்கையுடன் முடிந்தது.

இதனைப் போதகர் ஒருவரின் அருஞ்செயலாகவே சொல்லிப் பழகிவிட்டனர். பங்கீட்டு முறையில் உணவு அளந்து தரப்பட்ட காலத்தில், மறைந்திருப்பவருக்கும் சேர்த்து உலை வைத்தவர்கள் உழவர் வீட்டுப் பெண்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். போலி அடையாள அட்டை வேண்டும். அட்டைகளைச் செய்து குவித்தவர் ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர். இவ்வூரார் புராட்டஸ்டன்டுகள், தம் முன்னோரின் வழிபாட்டை 1685-இல் மன்னர் தடைசெய்ததை மறவாதவர்கள். அரசாணை அநீதியாகவும் இருக்கக்கூடும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1943 பிப்ரவரியில் ட்ரோக்மேயும் உடன் பணியாற்றிய போதகர் தெய்ஸும் பள்ளித் தலைமையாசிரியர் தார்சிசாக்கும் ஒரு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கிருந்த கைதிகளில் மிகப் பலர் கம்யூனிஸ்டுகள். போதகர் நடத்திய கூட்டங்களில் நாத்திகரான நம் தோழர்களும் வந்தமர்ந்தனர். விடுதலைக்கு விலையாக அரசுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திடுமாறு கேட்டபோது போதகர் இருவரும் மறுத்தனர்; எனினும் விடுவிக்கப்பட்டனர்.

ட்ரோக்மேயின் உறவினர் டேனியலுக்கு அது வாய்க்கவில்லை. மாணவர் விடுதியொன்றை நடத்திய அவர், 1943 ஜூனில் தம் மாணவர்களோடு கைதானார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் மாண்டார். அம்முகாமைச் செஞ்சேனை அடைந்தது அவ்வாண்டு ஜூலையில்.