சூப் குடித்தவளும் கெபாப் விலை கொடுத்தாள்

தேர்வு முடிந்த மாலை நண்பர்கள் ஐவர் சுல்தான் பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள துருக்கிய உணவகம் ஒன்றுக்குச் சென்றோம். கெபாப், படகு வடிவத்தில் ‘பிடே’ ரொட்டி, நம் உப்பு மோரை நினைவூட்டும் அய்ரான் என மேசை நிறைந்தது. ஒரு தோழி மட்டும் பருப்பு சூப்போடு நிறுத்திக்கொண்டாள். “பசிக்கல” என்றாள். எலுமிச்சை பிழிந்து குடித்தால் அந்த சூப் அருமைதான். ஆனால் கூடையிலிருந்த ரொட்டி தீர்ந்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பசி இல்லை என்று நம்ப முடியவில்லை.

விலைப்பட்டியலில் ‘பிளஸ் பிளஸ்’ என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 20 வெள்ளி உணவுக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும். அந்தக் கூட்டுத்தொகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி. கடைசியில் 23.98 வெள்ளி! வந்த மொத்தத் தொகையை ஐந்தாக வகுத்து ஆளுக்கொரு பங்கு கொடுத்தோம், அவளும்தான். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

சமமாகப் பிரிப்பதுதான் நட்பு என்று நினைக்கிறோம். கையில் காசு குறைவாக இருப்பவர் பில் வந்த பிறகு எப்படி வாய் திறப்பார்? மற்றவர்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் உணவு சொல்வதற்கு முன்பே. பிடேயைத் துண்டு போட்டுத்தான் பரிமாறுகிறார்கள், ஆளுக்கொன்று எதற்கு? இரண்டு வாங்கினால் ஐவருக்கும் வரும்.

அடுத்த மாதம் மீண்டும் அங்கே போகிறோம். “தலைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?” என்று இம்முறை முதலில் கேட்கப்போவது நான்.