கசின் பிரதர் என்பவர் யார்?

ஹஜ் விண்ணப்பம் நிரப்பும் காலங்களில் திண்டுக்கல் பேகம்பூர் வீடுகளிலிருந்து சிலர் படிவத்துடன் என்னிடம் வருவதுண்டு. ஒருமுறை ஒரு சகோதரியின் படிவத்தில் மஹ்ரம் உறவைக் குறிக்குமிடத்தில் 'கசின் பிரதர்' என்று எழுதப்பட்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் பட்டதாரி இளைஞர். "சின்னத்தா மகன்தானே ஹஜ்ரத், அண்ணன் முறையாயிற்றே!" என்றார்.

முறை என்பது ஊர் வழக்கு. மஹ்ரம் என்பது மார்க்கச் சட்டம். மணமுடிக்க என்றென்றும் விலக்கப்பட்டவரே மஹ்ரம். அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் அவ்வுறவுகளை எண்ணிக் கூறுகின்றது. சின்னத்தா மகள் அவற்றில் இல்லை. நம் ராவுத்தர் குடும்பங்களில் மாமன் மகளை மணப்பர். சின்னத்தா மகளை உடன்பிறந்தாளாகவே கருதி விலகுவர். இது தமிழ் மண்ணின் பழக்கம். அலீ (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் தந்தையுடைய சகோதரர் அபூதாலிபின் மகனார். நம் வழக்குப்படி பார்த்தால் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குச் சின்னத்தா முறை! அவ்விருவருக்கும்தான் நிக்காஹ் நடந்தது.

இனி அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். ஆண், பெண், தாய்வழி, தந்தைவழி அனைத்திற்கும் ஆங்கிலத்தில் 'கசின்' ஒன்றே. அதனோடு 'பிரதர்' சேர்ப்பது பிழை என்பர் இலக்கணத்தார். எனக்கோ அதில் ஒரு நியாயம் தெரிகின்றது. ஆணா பெண்ணா என்று காட்டாமல் உறவைச் சொல்ல நம் நாவுக்கு வராது. சகலைக்குக் 'கோ பிரதர்' என்று பெயர் படைத்ததும் இத்தகைய தேவையினால்தான்.

ஆங்கிலமும் என்றும் இவ்வாறு வறியதாக இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் தந்தையின் சகோதரர் 'ஃபேடெரா', தாயின் சகோதரர் 'ஏயம்'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின; 'அங்கிள்' வந்து இரண்டையும் விழுங்கிற்று. அதன் லத்தீன் மூலமோ தாய்மாமனை மட்டும் குறித்தது! 'கசின்' என்பதன் மூலமும் முதலில் தாயின் சகோதரி பிள்ளையையே குறித்தது. அரபியில் இக்குழப்பம் இல்லை; தந்தையின் சகோதரர் மகன் 'இப்னு அம்ம்', தாயின் சகோதரர் மகன் 'இப்னு கால்'.

பேச்சில் 'கசின் பிரதர்' இருந்துவிட்டுப் போகட்டும். பாஸ்போர்ட், விசா, ஹஜ் படிவங்களில் 'பிரதர்' என்றால் உடன்பிறந்தவர் என்றே கொள்வர். அங்கே 'ஃபாதர்ஸ் பிரதர்ஸ் சன்' என்று முழுமையாக எழுதுங்கள்; மஹ்ரம் என்ற இடத்தில் மட்டும் அவரை எழுதாதீர்கள்.