கல்வியும் தொண்டும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் நம் மாணாக்கர் ஒருவர் நமது இல்லத்துக்கு வந்தார். அவர் விஞ்ஞானம் பயில்பவர். ஓய்ந்த வேளைகளில் தமிழ் இலக்கணம் கற்பவர். மிருதங்கப் பயிற்சியும் உண்டு. இவற்றோடு, கிழமையில் நான்கு மாலைகள் தோணியேறி வாவியைக் கடந்து, படுவான்கரைச் சிற்றூர் ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து வந்தார். இறுதிப் பரீட்சை அணுகிவிட்டது. "எதை விடுவது, ஐயா?" என்று கேட்டார்.

நாம் சற்றும் தயங்கவில்லை. "பரீட்சை முடியும் வரை அக்கரைக்குப் போவதை நிறுத்தும்" என்றோம். அவரும் அவ்வாறே செய்தார்.

மூன்று கிழமைகள் கழிந்தபின், கோயில் திருவிழாவை முன்னிட்டு நாமே அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தது. நாம் இன்னார் என்று அறிந்த தாய் ஒருத்தி அருகே வந்தாள். "எங்கட புள்ளையள் பொழுதுபட்டால் துறையடியில போய்ப் பாத்துக்கொண்டு நிக்குதுகள், ஐயா. அந்தத் தம்பி இனி வரமாட்டாரோ?" என்றாள். அவளுக்குத் தக்க விடை நம்மிடம் இருக்கவில்லை. நமது மாணாக்கரின் புள்ளிகளை எண்ணிய நாம், துறையில் நின்ற பிள்ளைகளை எண்ணவில்லை.

அன்றிரவு நம் நினைவில் எழுந்தவர் விபுலானந்த அடிகளார். காரைதீவில் 1892-இல் மயில்வாகனனாய்ப் பிறந்து, மட்டுநகர்ப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற அப்பெருமகனார், விஞ்ஞானத்திலே தேர்ச்சி பெற்றார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.  ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே அவர் பரீட்சைகளுக்கும் ஆயத்தஞ் செய்தார்.

துறவு பூண்ட பின்னரும் அவர் கல்வியைத் துறந்தாரில்லை. 1929-இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அந்நாளிலே, தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். பல்கலைக்கழகத்து மாணவர்க்குக் கற்பித்த அதே நா, சேரிச் சிறுவர்க்கும் கற்பித்தது.

பலதுறைக் கல்வி அவரைச் சிதறடிக்கவும் இல்லை. 1947-இல் அரங்கேறிய யாழ்நூலை நோக்குக. வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுரங்களையும் கணித்துக் காட்டுதற்குப் பௌதிகமும் கணிதமும் வேண்டும். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புக்களை உணர்தற்குத் தமிழ்ப் புலமை வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைந்தமையாலன்றோ அந்நூல் பிறந்தது!

ஆயினும் அடிகளாரைக் காட்டி, "நீரும் எல்லாவற்றையும் செய்யும்" என்று இளைஞரை ஏவுதல் முறையன்று. பட்டங்களை அவர் அலட்சியம் செய்யவில்லை என்பதையும் மறத்தலாகாது. பரீட்சையிலே தவறிய பிள்ளையின் பெற்றோர் படும் துயரத்தை நாம் பலமுறை கண்டுள்ளோம்.

மறுநாள் அம்மாணாக்கரை அழைத்து, "நாம் கூறியது பிழை" என்றோம். அவரது முகம் மலர்ந்தது. தம் தோழர் மூவரை அழைத்துவந்தார். நான்கு மாலைகளும் நால்வருக்குப் பங்கிடப்பட்டன. ஒவ்வொருவருக்கும் கிழமையில் ஒரே மாலை. பரீட்சை நடந்த கிழமைகளில் மட்டும் வகுப்பு இல்லை. அதனையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்.

இதிலே நாம் கற்ற பாடம் ஒன்று. தொண்டு சிறிதாயிருப்பதால் எவர்க்கும் கேடில்லை. சொல்லாமல் நின்றுபோவதே கேடு. ஆகவே இளைஞர்காள், உம்மால் இயன்ற அளவையே ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்றதைக் கைவிடாதிருங்கள். பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ கிழமையில் ஒரு மாலை அக்கரைக்குச் செல்வதாற் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சற்க. பின்னக் கணக்கைப் பத்து வயதுச் சிறுவனுக்கு விளங்கவைக்க முயன்றபோதுதான் தமக்கே அது தெளிந்தது என்று அம்மாணாக்கர் நம்மிடம் கூறினார்.

துறையடியில் இப்போதும் பிள்ளைகள் காத்து நிற்கின்றனர். ஆனால், இன்று வருபவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.